சாம்பிள் புரோகிராம்ல அம்மா பேரு

அம்மாவுக்குக் கருமாதி முடிஞ்ச மறுநாளே நான் வேலைக்குப் போயிட்டேன். தெருவுல பார்த்தவங்க எல்லாம் "அதுக்குள்ளயாடி?"ன்னு கேட்டாங்க. வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு அங்க போயி மானிட்டரைப் பார்க்கலாம்னு தோணுச்சு, அவ்ளோதான். அழுகை வரல. ஆஸ்பத்திரியில வரல, பொணத்தைக் கருவடிக்குப்பம் சுடுகாட்டுக்கு எடுத்துட்டுப் போறப்ப வரல, பதினாறாம் நாளும் வரல. "அழுதுடுடி, உள்ள வச்சுக்காத"ன்னு பக்கத்து வீட்டு அத்தை என் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. வச்சுக்கறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே. எனக்கே வெக்கமா இருந்துச்சு.

நான் வேலை பார்த்தது புதுச்சேரியில, ரெட்டியார்பாளையத்துல, விழுப்புரம் ரோட்டு மேல, ஒரு மருந்துக் கடை மாடியில இருந்த ப்ராஜெக்ட் சென்டர்ல. இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு அப்படின்னா என்னன்னு தெரியாது. ரெண்டாயிரத்து மூணு, நாலு வாக்குல கம்ப்யூட்டர் படிக்கற பசங்க எல்லாரும் கடைசி செமஸ்டர்ல சொந்தமா ஒரு புரோகிராம் எழுதணும். வேற காலேஜ்லேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் முன்னாடி அதை ஓட்டிக் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லணும். அதான் வைவா. பாதிப் பேருக்கு எழுத வராது, மீதிப் பேருக்கு உடம்பு வணங்காது. ரெண்டு கூட்டமும் எங்க மாடிப்படி ஏறும். நாங்க ரெடிமேடா ஒண்ணை சிடியில போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ண ரிப்போர்ட்டோட கையில குடுத்துடுவோம்.

அந்த ரெடிமேட் சரக்கைக் கண்டுபுடிச்சவளே நான்தான். பெருமையா சொல்லிக்க ஒண்ணும் இல்ல, நடந்தது அப்படி. சேர்ந்த புதுசுல ஒரு மெஷின்ல ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. விஷுவல் பேசிக்கைத் திரும்ப ஏத்தணும். எங்க ஓனர் எப்பவும் "டிபிகல்"ங்கறதையே அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிடுவாரு. அன்னிக்கு நான் ஏத்தினேன். எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு டிக் பண்ணச் சொல்ற இன்னொரு வழி இருந்துச்சு. எனக்கு என்னா தெரியும், கண்ணுல பட்ட கட்டம் பூராவும் டிக் போட்டுட்டேன். முடிஞ்சப்புறம் பார்த்தா "சாம்பிள்ஸ்"னு ஒரு ஃபோல்டர் வந்து உக்காந்திருக்கு.

உள்ளே போனா அஞ்சாறு புரோகிராமு. கத்துக்கறவங்களுக்காக அந்த மென்பொருளைச் செஞ்சவங்களே எழுதி வச்சது. ஒண்ணுல புஸ்தகமும் எழுத்தாளருமா இருந்துச்சு. இன்னொண்ணுல வெளிநாட்டுல ஒரு ஏவாரக் கம்பெனி, தேயிலை, சீஸு, டின்னுல அடைச்ச மீனு விக்கறவங்க. கஸ்டமர் யாரு, என்னா ஆர்டர், என்னிக்கு அனுப்பினோம்னு எல்லா விவரமும் டேட்டாபேஸ்ல இருக்கு. கீழே பட்டன்: முதல், முந்தினது, அடுத்தது, கடைசி. நான் "அடுத்தது"ங்கறதை ஒரு மத்தியானம் பூரா அமுக்கிக்கிட்டே இருந்தேன். கண்ணால பார்க்காத ஊர்ல, நெசத்துல இல்லாத மனுஷங்க ஒவ்வொருத்தரா வந்து போனாங்க. அப்புறம் அதோட கோடிங்கைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் மேல இது எதுக்கு, தப்பு வந்தா எப்படிப் புடிக்கறதுன்னு பொறுமையா குறிப்பு. எங்க காலேஜ்ல மூணு வருஷத்துல யாரும் அவ்வளவு பொறுமையா என்கிட்ட பேசினது கிடையாது. அன்னிக்கு நான் சந்தோஷமா இருந்தேன், பொய் சொல்வானேன்.

ஓனர்கிட்ட காட்டினேன். "அடி சக்கை!"ன்னாரு. ஒரே வாரத்துல அது சரக்கு ஆயிடுச்சு. கஸ்டமர்ங்கற எடத்துல பேஷண்ட், ஆர்டர் தேதிங்கற எடத்துல அட்மிஷன் தேதி, அனுப்பின தேதிங்கற எடத்துல டிஸ்சார்ஜ் தேதி. லேபிளை மாத்தினா ஆஸ்பத்திரி மேனேஜ்மென்ட். இன்னொரு தடவை மாத்தினா லாட்ஜ் மேனேஜ்மென்ட். கலரை மட்டும் வேற வேற போடுவோம், ஒரே கிளாஸ்ல ரெண்டு பேரு மாட்டிக்கக் கூடாதில்ல.

மாட்டிக்கிட்டது வேற விஷயத்துல. அந்த ஏவாரக் கம்பெனி கஸ்டமருங்கள்ல பிரான்சுக்காரங்க கொஞ்சம் பேரு இருந்தாங்க. எங்க ஊர்ல தெருவுக்கு ரெண்டு வீட்ல யாராவது பிரான்சுல இருப்பாங்க. பேஷண்ட் லிஸ்ட்ல மார்செய் முகவரி இருந்தா புதுச்சேரிக்காரன் கண்ணை உறுத்தவே உறுத்தாது. எங்களுக்கும் உறுத்தல, அப்படியே விட்டுட்டோம். ஒரு பையனோட வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் சென்னைக்காரரு. "ஏம்ப்பா, மார்செய்ல இருக்கறவரு இங்க வந்து ஏன் அட்மிட் ஆனாரு?"ன்னு கேட்டிருக்காரு. பையன் அசரல. "பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா சார், லீவுக்கு ஊருக்கு வந்திருப்பாரு"ன்னுட்டான். அவரு "அடுத்தது" அமுக்கினாரு. ஜெர்மனி வந்துச்சு. திரும்ப அமுக்கினாரு, பிரேசில். பையனுக்கு அரியர்.

அன்னியிலேர்ந்து ஓனர் ஒரு சட்டம் போட்டாரு. பழைய டேட்டா ஒண்ணு விடாம அழிக்கணும், நம்மூரு பேரா பத்துப் பேரைப் போட்டுத்தான் குடுக்கணும். "உங்க சித்தப்பா, பெரியம்மா பேரைப் போடுங்கம்மா, யாரு வந்து கேக்கப் போறா"ன்னாரு. போட்டோம். கதிர்காமத்துல எங்க தெருக்காரங்க அத்தனை பேரும் ஏதாவது ஒரு ப்ராஜெக்ட்ல அட்மிட் ஆயி, காய்ச்சல்ல கிடந்து, டிஸ்சார்ஜ் ஆயிருப்பாங்க. அவங்களுக்கே தெரியாது.

என் தங்கச்சிக்கு இந்தப் பொழப்பே ஆகாது. அவ எம்.சி.ஏ. கடைசி வருஷம். அப்பா போனப்புறம் நான் டிகிரியோட நின்னு வேலைக்கு வந்தேன், அவ படிச்சா. எங்க சென்டரைக் "காப்பிக் கடை"ம்பா. "உங்க கடைக்கு வர்றதுக்கு நான் மாடு மேய்க்கப் போவேன்"னு சிரிப்பா. எனக்குக் கோவம் வரும், ஆனா உள்ளுக்குள்ள பிடிக்கும். அவளுக்கு சென்னையில ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருந்துச்சு. ஜூன்ல சேரணும், அரியர் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, இருந்தா வேலை கேன்சல். அந்த லெட்டரை அம்மா ஆஸ்பத்திரியில தலைமாட்டுல வச்சுக்கிட்டு வர்றவங்க போறவங்க, ஊசி போட வர்ற நர்ஸுன்னு எல்லாருக்கும் காட்டுச்சு. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா எந்த வரியில சம்பளம்னு விரலை வச்சுக் காட்டும்.

அம்மாவுக்கு கிட்னி. பதினாறு நாள் வார்டுல இருந்துச்சு. பகல்ல தங்கச்சி, சாயங்காலம் நான்னு மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டோம். கடைசி நாள் மத்தியானம் தங்கச்சி சென்டருக்குப் போன் பண்ணா. நான் போறதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சு. "நீ கிளம்பறதுக்கு முன்னாடியே போயிடுச்சும்மா"ன்னு மாமா சொன்னாரு. சரின்னுட்டேன். எத்தனை மணிக்குன்னு நான் யாரையும் கேக்கல. தங்கச்சியும் சொல்லல.

கருமாதி முடிஞ்சு மூணு நாள் கழிச்சு தங்கச்சி எங்க மாடிப்படி ஏறி வந்தா. நாலு வருஷத்துல முதல் தடவை. அவ சொந்தமா எழுத ஆரம்பிச்ச புரோகிராம் பஸ் டைம் சம்பந்தப்பட்டது, பாதியில கிடந்துச்சு. அம்மாவைப் பார்த்துக்கிட்டதுல ஒரு மாசத்துக்கு மேல போயிடுச்சு. வைவாவுக்கு மூணு வாரம்கூட இல்ல.

"அக்கா, எனக்கும் ஒண்ணு குடுத்துடு"ன்னா.

அவ மூஞ்சி செத்துப் போயிருந்துச்சு. வேற நேரமா இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும். "ஆஸ்பத்திரியா, லாட்ஜா?"ன்னு கேட்டேன், வர்ற பசங்ககிட்ட கேக்கற மாதிரியே. "எதுவோ ஒண்ணு"ன்னா. ஆஸ்பத்திரி அந்த மாசம் நல்லாப் போயிட்டிருந்துச்சு. அதையே எடுத்தேன்.

மறுநாள் காலையில உக்காந்து பழைய டேட்டாவை அழிச்சேன். பேரு போட ஆரம்பிச்சேன். மூலை வீட்டு இஸ்திரிக்காரரு, காய்ச்சல். எதிர்வீட்டு டீச்சர், பிரசவம். டீச்சருக்கு அம்பது வயசு, பார்க்காம போட்டுட்டேன், அப்புறம் மாத்தினேன். பத்தாவதா அம்மா பேரை அடிச்சேன். யோசிச்சு அடிக்கல. வயசு அம்பத்திரெண்டு, பொது வார்டு, கிட்னி, சேர்த்த தேதி. அடுத்த கட்டம் டிஸ்சார்ஜ் தேதி. டிஸ்சார்ஜ் பண்ணலையே. காலியா விட்டுட்டு சேவ் குடுத்தேன்.

அந்த சாம்பிள்ல ஒரு லிஸ்ட் உண்டு. இன்னும் அனுப்பாத ஆர்டருங்க எது, எத்தனை நாளா நிக்குதுன்னு காட்டும். நாங்க அதை "இப்போது வார்டில் இருப்பவர்கள்"னு மாத்தி வச்சிருந்தோம். சரியா வருதான்னு ஓட்டிப் பார்த்தேன். மொதல் வரியில அம்மா. நாள்: முப்பத்தாறு.

நான் அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒண்ணும் ஆகல எனக்கு. அந்த டேட்டாபேஸுக்கு ஆர்டர் ஒண்ணு போயிருக்கணும், இல்ல நிக்கணும், மூணாவதா ஒண்ணு தெரியாது. டீ மாதிரி, சீஸ் மாதிரி அம்மா நிக்குது. மறுநாள் காலையில வந்ததும் அதைத்தான் முதல்ல திறந்தேன். முப்பத்தேழு. அதுக்கு மறுநாள் முப்பத்தெட்டு. செருப்பைக் கழட்டிப் போட்டதும், மூஞ்சிகூட கழுவாம அந்த லிஸ்டைத் திறந்து நம்பரைப் பார்ப்பேன். அப்புறம் வேலையைப் பார்ப்பேன். யாராவது கேட்டா டெஸ்ட் பண்றேன்ம்பேன். தங்கச்சிக்கு சிடி போடறதுக்கு முன்னாடி எடுத்துடலாம்னு இருந்தேன். எடுக்கல. மறந்துட்டேன்னு ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தேன். மறக்கல.

தங்கச்சி கோடிங்கைப் பிரிண்ட் எடுத்துட்டுப் போயி வீட்ல உக்காந்து படிச்சா. சீசன்ல எங்ககிட்ட ஒரு மெஷினும் காலி இல்ல, வீட்ல கம்ப்யூட்டரும் கிடையாது. அதனால ஓட்டிப் பார்க்காமலே வரி வரியா பேப்பர்ல படிச்சா. நாலு நாளைக்கப்புறம் "காப்பின்னாலும் எழுதினவன் கெட்டிக்காரன்க்கா"ன்னா. அம்மா போனப்புறம் அவ சொன்ன மொதல் நல்ல வார்த்தை. சிடியை வைவா அன்னிக்குக் காலையில பஸ்ல வச்சுத்தான் குடுத்தேன்.

காலேஜ் ஊருக்கு வெளிய. லேபுக்குள்ள என்னை விடல. வராந்தாவுல ஜன்னல் பக்கத்துல நின்னேன். எக்ஸ்டர்னல் ஒரு மேடம். ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு உரிச்சு எடுத்தாங்க. அவளுக்கு முன்னாடி போன பசங்க வெளிய வந்து "செத்தோம்டா"ன்னு தண்ணி குடிச்சாங்க. தங்கச்சி போயி உக்காந்தா. எனக்கு அவ முதுகுதான் தெரிஞ்சுது. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு, கை ஆடுது, மௌஸ் நகருது. திடீர்னு கை நின்னுடுச்சு.

லிஸ்டைத் திறந்துட்டான்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அம்பத்துமூணு. அன்னிக்கு சென்டருக்குப் போகாததால காலையில மனசுலயே ஒண்ணு கூட்டிப் பார்த்திருந்தேன். அடிப்பாவி, தங்கச்சி வேலையையே தொலைச்சிட்டியேன்னு அப்பத்தான் ஒறைச்சுது. ஒறைச்சும் நின்ன எடத்துல நின்னேன்.

உள்ளே நடந்ததைத் தங்கச்சி அப்புறம் சொன்னா. மேடம் திரையைக் காட்டி, "என்னம்மா இது, பொது வார்டுல அம்பத்துமூணு நாளா ஒரு பேஷண்ட்? டேட்டா தப்பா, புரோகிராம் தப்பா?"ன்னு கேட்டிருக்காங்க. இவ திரையையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. "ரெடிமேடா வாங்கிட்டு வந்தா இப்படித்தான் முழிக்கணும்"னு மார்க் ஷீட்டை இழுத்திருக்காங்க. அப்பத்தான் இவ பேசியிருக்கா.

"புரோகிராம்தான் தப்பு மேடம். இதுல செத்துப் போறதுக்கு வழியே வைக்கல."

மேடம் பேனாவைக் கீழ வச்சிருக்காங்க. "அப்ப நீ வை. அரை மணி நேரம் தரேன்"னாங்களாம்.

வச்சா. டேபிள்ல ஒரு ஃபீல்டு சேர்த்தா, இறந்த தேதியும் நேரமும் போட. ஃபார்ம்ல அதுக்கு ஒரு கட்டம். லிஸ்ட் எடுக்கற வரியில இதுவும் காலியா இருந்தாத்தான் காட்டணும்னு ஒரு நிபந்தனை. பேப்பர்லயே படிச்சதாலயோ என்னவோ, எந்த வரி எங்கன்னு கைக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அப்புறம் அம்மா ரெக்கார்டைத் திறந்து தேதி போட்டு, நேரம் போட்டு, சேவ் குடுத்திருக்கா. லிஸ்ட்லேர்ந்து அம்மா போயிடுச்சு. மேடம், "யாரும்மா இவங்க?"ன்னு கேட்டாங்களாம். இவ சொல்லல. "டெஸ்ட் டேட்டா மேடம்"னுட்டாளாம். மேடம் மார்க்கைப் போட்டு, திருப்பி அவளுக்கே காட்டியிருக்காங்க. நல்ல மார்க்கு.

வெளிய வந்து என் பக்கத்துல படியில உக்காந்தா. திட்டுவா, அறைவான்னு இருந்தேன்.

"ஏன்க்கா அம்மாவ வச்சிருந்த?"

"தெரியலடி."

"நான் எடுத்துட்டேன்"னா. சொல்லிட்டு என் தோள்ல சாஞ்சு அழுதா. நான் அவ தலையைப் புடிச்சுக்கிட்டு எதிர்ல நின்ன சைக்கிளுங்களை எண்ணினேன். அவ வேலை போகல, அதுக்குச் சந்தோஷப்படணும்னு எனக்குத் தெரியுது. தெரியறது மட்டும்தான்.

மறுநாள் காலையில சென்டருக்கு வந்தேன். செருப்பைக் கழட்டினேன், லிஸ்டைத் திறந்தேன். அவ எடுத்தது காலேஜ் மெஷின்ல இருந்த காப்பியில. எங்க மெஷின்ல மொதல் வரியில அம்மா இருந்துச்சு. நாள்: அம்பத்துநாலு.

அப்படியே அழிச்சுடலாம், ஒரு பட்டன். கை போகல. அம்மா பேரை அழிக்கறதா? தங்கச்சி செஞ்ச மாதிரியே செஞ்சேன். ஃபீல்டு சேர்த்தேன், கட்டம் வச்சேன், நிபந்தனை போட்டேன். நாலு வருஷமா லேபிளை மட்டுமே மாத்தினவ, அன்னிக்குத்தான் அந்தப் புரோகிராம்ல ஒரு வரி நெசமா எழுதினேன். தேதியை அடிச்சேன். நேரம் காலியா இருந்துச்சு. விட்டிருக்கலாம், யாரு கேக்கப் போறா. தங்கச்சி செல்லுக்குப் போன் பண்ணேன்.

"எத்தனை மணிடீ போட்ட?"

"ரெண்டு நாப்பது"ன்னா.

"நான் கிளம்பறதுக்கு முன்னாடியே போயிடுச்சுன்னு மாமா சொன்னாரே."

"அது உனக்காகச் சொன்னதுக்கா."

போனை வச்சுட்டேன். அவ என்னைக் கூப்பிட்டப்ப ரெண்டேகால். மானிட்டர் மூலையில பார்த்தேன், நல்லா ஞாபகம் இருக்கு. "அம்மா உன்னைக் கேக்குது, உடனே வா"ன்னா. இதோன்னேன். ஒரு பையனுக்கு சிடி ரைட் ஆயிட்டு இருந்துச்சு, பாதியில நிறுத்தினா சிடி வீணாப் போயிடும். முடியட்டும்னு உக்காந்திருந்தேன். முடிஞ்சப்புறம் அதுமேல அவன் பேரை, ரோல் நம்பரை, ப்ராஜெக்ட் தலைப்பை மார்க்கர்ல அழகா எழுதினேன். காயறதுக்கு ஊதினேன். அங்கேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல கால் மணி நேரம்கூட ஆகாது.

ரெண்டு நாப்பதுன்னு அடிச்சேன். சேவ் குடுத்தேன். லிஸ்ட் திரும்ப வந்துச்சு, அம்மா இல்ல. வாயைப் பொத்திக்கிட்டேன், நிக்கல. அந்த மாதிரி ஒரு சத்தம் எனக்குள்ள இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. மெஷின்ல உக்காந்திருந்த பசங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. ஓனர் உள்ளேர்ந்து ஓடி வந்தாரு, கருமாதிக்கு வந்து எங்க வீட்ல சாப்பிட்டுட்டுப் போன மனுஷன்.

"என்னம்மா, என்னாச்சு?"ன்னாரு.

"எங்கம்மா செத்துப்போச்சு சார்"னு சொன்னேன்.